புண் உண்மையில் ஆறியிருக்கிறதா? அழற்சிக் குடல் நோயை மேம்பட்ட எண்டோஸ்கோப்பி கொண்டு மதிப்பிடும் முழுமையான வழிகாட்டி

“இரத்தம் நின்று மூன்று மாதமாகிறது, டாக்டர். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போகிறேன். இனி மாத்திரையை நிறுத்திவிடலாம் இல்லையா?” டில்லியில் என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. ஆர்.கே. புரத்து அரசு ஊழியரும் கேட்கிறார். மயூர் விஹாரில் மகன் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்காக ஊரிலிருந்து ரயிலேறி வந்த அம்மாவும் கேட்கிறார். கேள்வி நியாயமானது. ஆனால் வயிறு சொல்லும் பதிலை மட்டும் நம்பி மருந்தை நிறுத்தியவர்களில் பலர், அடுத்த சில மாதங்களில் அதே இரத்தப்போக்குடன் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். குடலுக்குள் நேரில் பார்த்து, சென்ற முறை பார்த்ததோடு ஒப்பிட்டு, அதன் பிறகு சொல்லும் பதில்தான் பயன்படும். அந்த ஒப்பீட்டை எப்படிச் செய்வது என்பதை, இரைப்பை குடல் பிரிவில் பயிற்சி தொடங்கும் இளம் மருத்துவர்களுக்கும், எண்டோஸ்கோப்பி அறையில் பணிபுரியும் செவிலியருக்கும், தம் கையிலுள்ள அறிக்கையைப் புரிந்துகொள்ள விரும்பும் நோயாளிகளுக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எதை ‘ஆறியது’ என்கிறோம்

அழற்சிக் குடல் நோய் என்பதில் முக்கியமாக இரண்டு நோய்கள் அடங்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்பக்கச் சளிச்சவ்வைத் தாக்குகிறது. மலக்குடலில் தொடங்கி இடைவெளியின்றி மேலே பரவுகிறது. கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், விட்டுவிட்டுத் தாக்கும், குடற்சுவரின் முழுத் தடிமனையும் பாதிக்கக்கூடும். இரண்டிலும் ஆறுதல் படிப்படியாக நடக்கிறது. முதலில் அறிகுறி அடங்கும். பிறகு அழற்சியைக் காட்டும் புரதங்களான, இரத்தத்தில் சி.ஆர்.பி. அளவும் மலத்தில் கால்ப்ரோடெக்டின் அளவும் இறங்கும். அதன் பிறகு கண்ணுக்குத் தெரியும் புண் மூடும். கடைசியாகத்தான் நுண்ணோக்கியில் தெரியும் அழற்சி அணுக்கள் விலகும். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த சவ்விலும் நுண்ணோக்கியில் அழற்சி இருக்கக்கூடும் என்பதை 1956-லேயே ட்ரூலவ், ரிச்சர்ட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் பயாப்சி (திசுத் துணுக்கு) எடுத்துக் காட்டிவிட்டார்கள். இன்று நாம் பயன்படுத்தும் ஒளித் தொழில்நுட்பங்கள் எல்லாம் இந்தக் கடைசி இரண்டு படிகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் குறைக்கும் முயற்சிகளே.

உலக அளவில் பின்பற்றப்படும் ‘ஸ்ட்ரைடு 2’ பரிந்துரைகள் 2021-ல் வெளியாயின. நோயின் கடுமையை எண்டோஸ்கோப்பியில் அளக்கும் மதிப்பெண்களில் (இவற்றைப் பின்னால் விளக்குகிறேன்), கொலைட்டிஸில் மேயோ எண்டோஸ்கோப்பி மதிப்பெண் 0 அல்லது யு.சி.இ.ஐ.எஸ். மதிப்பெண் 1-க்கு மேற்படாமை, கிரோனில் எஸ்.இ.எஸ்.-சி.டி. மதிப்பெண் 3-க்குக் கீழ் அல்லது புண்ணே இல்லாமை என்பவற்றை நீண்டகால இலக்குகளாக அவை வைத்தன. திசு அளவிலான ஆறுதலையும் குடற்சுவர் முழுவதன் ஆறுதலையும் கட்டாய இலக்காக்காமல், ஆறுதலின் ஆழத்தைக் காட்டும் கூடுதல் அளவுகோல்களாக மட்டுமே அவை ஏற்றன. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் படி: எப்போது, எப்படித் தயாராவது

புதிய மருந்து தொடங்கிய பின் கொலைட்டிஸில் சுமார் 3 முதல் 6 மாதங்களுக்குள்ளும், கிரோனில் 6 முதல் 9 மாதங்களுக்குள்ளும் மறுபரிசோதனை செய்வது வழக்கம். அதற்கு முன்பே அவசரப்பட்டுப் பார்த்தால், வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தைத் தோற்றுவிட்டது என்று தவறாகக் கருத நேரிடும்.

குடல் சுத்தம்தான் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. விலையுயர்ந்த கருவியும் கலங்கிய நீருக்கு அடியில் எதையும் காட்டாது. பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை முந்தின நாள் மாலையிலும், மறு பாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன்பும் குடிப்பது நல்லது. சோடியம் பாஸ்பேட் கலந்த பேதி மருந்துகளை இந்த நோயாளிகளுக்குத் தரக்கூடாது. அவையே சவ்வில் சிறு வெண்புண்களை உண்டாக்கிவிடும். கிரோன் திரும்பிவிட்டது என்று எழுதிவிடும் அபாயம் உண்டு. மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி நிவாரணிகளும் இதே தவறான தோற்றத்தைத் தரும் என்பதால், கடந்த சில வாரங்களில் என்னென்ன விழுங்கினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். அதன் கறுப்புக் கசடு எளிதில் கழுவப்படாது. ஆனால் நோய்க்கான மருந்துகளை நிறுத்தக்கூடாது.

உணவைப் பற்றி நம் வீடுகளுக்கு ஏற்றபடி சொல்வது பயனளிக்கும். இரண்டு நாள் முன்பிருந்து குழைந்த வெள்ளைச் சோறு, மோர், இட்லி போதும். கீரை, தக்காளி, வெள்ளரி, கொய்யா, எள், டில்லி வாழ்க்கையில் பழகிப்போன ராஜ்மா, முழுக்கோதுமை ரொட்டி ஆகியவை வேண்டாம். முந்தின நாள் வடிகட்டிய தெளிந்த ரசமும் இளநீரும் குடிக்கலாம். கோடையில் இங்கே வீட்டுக்கு வீடு கரைக்கும் சிவப்பு ரோஜா சர்பத்தையும் பீட்ரூட்டையும் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்கிறேன், ஏனெனில் அந்தச் சிவப்பு குடலில் தேங்கி இரத்தம்போலத் தெரியும். மே, ஜூன் மாதங்களில் டில்லி வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்களில் பேதி மருந்தோடு உடல்நீர் வேகமாக வற்றும் என்பதால், முதியவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலையும் சேர்த்துக் கொடுப்பது அவசியம்.

இரண்டாம் படி: முதலில் வெள்ளொளியில் மெதுவாகப் பார்ப்பது

புதிதாகப் பயிலும் பலர் அறைக்குள் நுழைந்ததும் சிறப்பு ஒளிப் பொத்தானை அழுத்தத் துடிக்கிறார்கள். உயர்தெளிவு வெள்ளொளியில் முழுக் குடலையும் பார்த்து முடிக்காமல் அந்தப் பொத்தானைத் தொடவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கொலைட்டிஸ் நோயாளியில் கருவி உள்ளே போகும்போதே சவ்வைக் கவனித்துப் படமெடுத்துவிட வேண்டும். வெளியே வரும்போது பார்த்தால், கருவியின் நுனி உரசிய இடத்தில் கசியும் இரத்தமும், உறிஞ்சுகுழல் பிடித்து இழுத்த வட்டச் சிவப்பும் நோயின் அடையாளங்களாகத் தோன்றி ஏமாற்றும். காற்றை அளவுக்கு மேல் ஊதினால் சவ்வு நீண்டு வெளிறிப்போய், இருக்கும் சிவப்பும் மறையும். குடல் துடித்துக்கொண்டே இருந்தால், கண்ணழுத்த நோயும் இதயத் துடிப்புக் கோளாறும் இல்லாதவர்களுக்கு குடலைத் தளர்த்தும் ஹையோசின் பியூட்டைல்புரோமைடு 20 மில்லிகிராம் நரம்பு வழியாகக் கொடுத்தால் சில நிமிடங்கள் குடல் அசையாமல் நிற்கும்.

பிறகு மதிப்பெண். மேயோ முறை எளியது. 0 என்றால் இயல்பான அல்லது அடங்கிய சவ்வு. 1 என்றால் சிவப்பும் மங்கிய இரத்தக்குழாய்த் தோற்றமும். 2 என்றால் கடும் சிவப்பு, குழாய்த் தோற்றம் முற்றிலும் மறைவு, தொட்டால் கசிவு, சிராய்ப்புகள். 3 என்றால் தானாகவே வடியும் இரத்தமும் புண்களும். பழைய வரையறையில் லேசான தொடுகசிவு 1-ல் இருந்தது. இப்போதைய மருந்து ஆய்வுகளில் எந்தத் தொடுகசிவும் 2 என்றே கணக்கிடப்படுகிறது. எந்த வரையறையைப் பின்பற்றினீர்கள் என்று எழுதாவிட்டால், சென்ற ஆண்டின் 1-ஐயும் இந்த ஆண்டின் 2-ஐயும் ஒப்பிட்டு, நோய் மோசமாகிவிட்டது என்று ஒருவர் வீணாகப் பயந்துபோவார். யு.சி.இ.ஐ.எஸ். முறை இன்னும் நுணுக்கமானது: இரத்தக்குழாய்த் தோற்றத்துக்கு 0 முதல் 2, இரத்தக் கசிவுக்கு 0 முதல் 3, சிராய்ப்பு மற்றும் புண்ணுக்கு 0 முதல் 3, மொத்தம் 8. இந்த மதிப்பெண்களைச் சராசரியாகப் போடக்கூடாது. மிக மோசமாக உள்ள இடத்துக்கே போட வேண்டும்.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். பயிற்சிக் காலத்தில், மலக்குடலும் அதற்கு மேலுள்ள சிக்மாய்டு பகுதியும் பளபளவென்று இருந்ததைப் பார்த்து ஒரு நோயாளிக்கு மேயோ 0 என்று எழுதிவிட்டேன். அவர் தினமும் மெசலமைன் என்ற அழற்சி மருந்தை இனிமாவாக, அதாவது ஆசனவாய் வழியாக, எடுத்துக்கொண்டிருந்தார். மருந்து நேரடியாகப் படும் கீழ்ப்பகுதி ஆறிவிட்டது, படாத மேற்பகுதியில் நோய் அப்படியே இருந்தது. ஆறு வாரத்தில் அவர் இரத்தப்போக்கோடு திரும்பினார். அன்றிலிருந்து ஆசனவாய் வழி மருந்து எடுப்பவர்களுக்குக் கீழ்க்குடலை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில்லை. கூடவே குடல்வாலின் வாயைச் சுற்றித் தனித்தீவுபோல அழற்சி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இடப்பக்க நோய் மட்டும் உள்ளவர்களுக்கும் அது வருவதுண்டு.

வெண்தழும்பு, போலிப் பாலிப் (ஆறிய சவ்வின் புடைப்பு), சவ்வுப் பாலம், கோணலாகக் கிளைத்த இரத்தக்குழாய்கள் ஆகியவை நோய் ஒருகாலத்தில் இருந்ததன் சுவடுகளே. அவற்றை இப்போதைய நோய் என்று எண்ணி மருந்தைக் கூட்டிய கடிதங்களைப் பலமுறை படித்து வருந்தியிருக்கிறேன்.

மூன்றாம் படி: ஒளியை மாற்றிப் பார்ப்பது

சிறப்பு ஒளி எதற்காக என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் சில அலைநீளங்களை அதிகமாக உறிஞ்சும். ஒலிம்பஸ் கருவிகளிலுள்ள என்.பி.ஐ. முறை 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களைத் தேர்ந்து வீசுவதால், மேற்பரப்பின் நுண்குழாய்கள் பழுப்பாகவும் ஆழத்துக் குழாய்கள் பச்சை கலந்த நீலமாகவும் தெரிகின்றன. ஃபியூஜிஃபிலிம் கருவிகளின் பி.எல்.ஐ. முறை 410, 450 நானோமீட்டர் ஒளியைப் பயன்படுத்துகிறது. அதே நிறுவனத்தின் எல்.சி.ஐ. முறை சிவந்ததை மேலும் சிவப்பாகவும் வெளுத்ததை மேலும் வெளுப்பாகவும் பிரித்துக் காட்டும். பென்டாக்ஸின் ஐ-ஸ்கேன் வெள்ளொளிப் படத்தையே மின்னணு முறையில் கூர்மையாக்குகிறது. சாயம் தெளிக்காமலேயே சாயம் தெளித்ததுபோலக் காட்டுவதால் இவை அனைத்துக்கும் மின்னணுக் குரோமோஎண்டோஸ்கோப்பி என்ற பொதுப்பெயர் வந்தது.

செய்முறையில் ஒரு எச்சரிக்கை. என்.பி.ஐ. ஒளியில் எஞ்சிய பித்தநீர் இரத்தம்போலச் சிவப்பாகத் தெரியும். நன்றாகக் கழுவி உறிஞ்சிய பிறகே ஒளியை மாற்றுங்கள். பெருங்குடலின் அகன்ற பகுதியில் படம் இருண்டுபோனால் காற்றைச் சற்றுக் குறைத்து, சவ்வுக்கு அருகே செல்லுங்கள்.

இப்போது இரண்டை மட்டும் கேளுங்கள்: குழிகள் ஒழுங்காக இருக்கின்றனவா, குழாய்கள் ஒழுங்காக இருக்கின்றனவா? ஆறிய சவ்வில் சுரப்பிக் குழிகளின் வாய்கள் வரிசையாக, ஒரே அளவில் இருக்கும். அவற்றைச் சுற்றி நுண்குழாய்கள் தேன்கூடுபோல அமைந்திருக்கும். முழுதும் ஆறாத இடத்தில் குழிகள் ஒன்றுக்கொன்று விலகியும் விரிந்தும் இருக்கும். குழாய்கள் வீங்கி நெருக்கியடிக்கும். சவ்வுக்குள்ளேயே சிறு இரத்தப்புள்ளிகள் தெரியும். மரியெட்டா யக்குச்சி தலைமையிலான பன்னாட்டுக் குழு 2017-ல் வெளியிட்ட ‘பிக்காசோ’ மதிப்பெண், இப்படிச் சவ்வின் அமைப்பையும் குழாயின் அமைப்பையும் தனித்தனியே அளக்கிறது. பிறகு பல மையங்களில் நடந்த சரிபார்ப்பில், மொத்தம் 3 அல்லது அதற்குக் கீழ் வந்தவர்களிடம் திசு அளவிலும் அழற்சி அடங்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது. மேயோ 0-க்கும் 1-க்கும் இடையில் தயங்கும்போது நான் இந்த மதிப்பெண்ணையே நாடுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு உண்மையிலேயே மாறுகிறது.

ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் கன்ஃபோகல் லேசர் முறையில், ஃபுளோரசீன் சாயத்தை நரம்பில் செலுத்தி, அது செல்களின் இடைவெளி வழியே குடலுக்குள் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். குடலின் தடுப்புச்சுவர் இப்படி ஆறியிருப்பது, கண்ணாலும் நுண்ணோக்கியாலும் தெரியும் ஆறுதலைவிட நோயின் போக்கை நன்றாக முன்னறிவித்தது என்று 2023-ல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அந்தச் சாயத்தால் தோலும் சிறுநீரும் சில மணி நேரம் மஞ்சளாகும். காமாலையோ என்று வீட்டார் பதறாதபடி முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் இக்கருவி மிகச் சில மையங்களிலேயே உள்ளது. செயற்கை நுண்ணறிவில், ஜப்பானின் தகெனாகா குழு 2020-ல் சுமார் 40,000 படங்களைக் கொண்டு பயிற்றுவித்த நிரல், எண்டோஸ்கோப்பி ஆறுதலை ஏறத்தாழ 90 விழுக்காடு துல்லியத்தோடு கண்டறிந்தது. இது வருங்காலத்தில் நமக்குப் பெரிய துணையாகும் என்று நம்புகிறேன். ஆனால் கழுவாத சவ்வின் படத்தைக் கொடுத்தால் அதுவும் தவறத்தான் செய்யும்.

நான்காம் படி: பயாப்சி

சிறப்பு ஒளியில் மிக மோசமாகத் தெரிந்த இடத்திலிருந்து குறைந்தது இரண்டு துணுக்குகள் எடுங்கள்; நன்றாகத் தெரியும் இடத்திலிருந்தும் எடுத்துத் தனிக் குப்பியில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே குப்பியில் போட்டால், அழற்சி எந்த இடத்தைச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நோய்க்குறியியல் மருத்துவரிடம், திசு அழற்சியை அளக்கும் நான்சி அல்லது ரோபார்ட்ஸ் மதிப்பெண்ணில் பதில் கேளுங்கள். முக்கியமாக, அழற்சி இப்போது நடப்பதைக் காட்டும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் இருக்கின்றனவா இல்லையா என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ‘நாட்பட்ட அழற்சி’ என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. எதிர்பாராமல் நோய் மோசமாகத் தெரிந்தால், மருந்தைக் குறைசொல்வதற்கு முன் சைட்டோமெகலோ வைரஸையும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியையும் தேடிப் பாருங்கள்.

கிரோன் நோயும் நம் நாட்டுக் காசநோயும்

கிரோனில் சிறுகுடலின் கடைப்பகுதிக்குள் நுழையாமல் பரிசோதனை முழுமை பெறாது. அங்கே நீரை நிரப்பி, நீருக்கடியில் பார்த்தால் குடலுறிஞ்சிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து தெரியும்; அவை மழுங்கிய இடமும் தனியே தெரியும். சிறுகுடல் கடைப்பகுதியும் பெருங்குடலின் நான்கு பகுதிகளும் ஆக ஐந்து இடங்களுக்கு, புண்ணின் அளவு, புண் பரவிய பரப்பு, நோய் பாதித்த பரப்பு, குறுக்கம் ஆகிய நான்கையும் 0 முதல் 3 வரை மதிப்பிட்டுக் கூட்டுவதே எஸ்.இ.எஸ்.-சி.டி. அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்கு, 6 முதல் 12 மாதத்துக்குள் இணைப்பிடத்துக்கு மேலுள்ள சிறுகுடலைப் பார்த்து, ருட்கீர்ட்ஸ் முறையில் ஐ0 (நோய் திரும்பவில்லை) முதல் ஐ4 (கடுமையாகத் திரும்பியது) வரை எழுத வேண்டும்.

கருவி எட்டாத சிறுகுடலையும் சவ்வுக்கு வெளியேயுள்ள சுவரையும் எண்டோஸ்கோப்பி காட்டாது. அதற்குக் குடல் அல்ட்ராசவுண்டும் எம்.ஆர். என்ட்ரோகிராஃபியும் (சிறுகுடலுக்கான எம்.ஆர்.ஐ.) இருக்கின்றன. அல்ட்ராசவுண்டில் குடற்சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், அதில் கூடுதல் இரத்தவோட்டம் இல்லாமலும் இருந்தால் சுவர் முழுவதும் ஆறிவருகிறது என்று கொள்ளலாம். படமெடுக்கும் கேமரா கேப்சூலை விழுங்கச் செய்வதற்கு முன், கரையக்கூடிய மாதிரிக் கேப்சூலைக் கொடுத்து அது தங்காமல் வெளியேறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இன்னொரு கேள்வி எப்போதும் உடன் நிற்கிறது: இது கிரோனா, குடல் காசநோயா? இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தையே விரும்பித் தாக்கும். இரண்டிலும் கிரானுலோமா என்ற அழற்சி அணுக்களின் சிறு திரள் காணப்படலாம். சந்தேகம் தீராதபோது காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மாதத்தில் மீண்டும் கொலோனோஸ்கோப்பி செய்வது டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்து எழுதிய அணுகுமுறை. இங்கேதான் ஆறுதலை மதிப்பிடுவதே நோயை இன்னதென்று சொல்லும் வழியாகவும் ஆகிறது. காசநோய்ப் புண் அந்த இரண்டு மாதத்தில் தெளிவாக ஆறத் தொடங்கும். கிரோன் நோயாளிக்கு வலியும் காய்ச்சலும் குறையக்கூடும், ஆனால் புண் அப்படியே இருக்கும். அதனால் “சாப்பாடு இறங்குகிறது, எடை கூடியிருக்கிறது” என்று கேட்டு மகிழ்ந்து மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுவது பெருந்தவறு. கிரோனாக இருந்தால், வீணாகப் போன அந்த மாதங்களில் குடல் குறுகிவிடக்கூடும். முதல் பரிசோதனையிலேயே புண்ணின் விளிம்பிலிருந்தும் அடியிலிருந்தும் பல துணுக்குகள் எடுத்து, அவற்றில் சிலவற்றை ஃபார்மலினில் போடாமல் உப்புநீரில் வைத்து ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுச் சோதனை) கல்ச்சருக்கும் (கிருமி வளர்ப்பு) அனுப்புங்கள். ஃபார்மலினில் போட்ட துணுக்கில் கிருமி வளராது. குறுக்கம் மட்டும், புண் ஆறிய பிறகும் தழும்பாக நின்றுவிடலாம். அதை வைத்து மருந்து பலிக்கவில்லை என்று சொல்லக்கூடாது.

ஐந்தாம் படி: முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது

கண்ணுக்கு மேயோ 0, பயாப்சியில் நியூட்ரோஃபில். இது அடிக்கடி நேர்கிறது. முன்பு சொன்னபடி திசு ஆறுதல் கட்டாய இலக்கு அல்ல என்பதால், இதை மட்டும் வைத்து அடுத்த வலுவான மருந்துக்குத் தாவ வேண்டியதில்லை. மருந்து தவறாமல் எடுக்கப்படுகிறதா, அளவு போதுமா என்று பார்த்து, கால்ப்ரோடெக்டினை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து வரலாம். ஆனால் அத்தகைய நோயாளியிடம் மருந்தைக் குறைக்கும் பேச்சை எடுக்கக்கூடாது. இதற்கு மாறாக, சவ்வும் திசுவும் ஆறியிருந்தும் நாளுக்கு நான்கு தடவை போகிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்குத் தேவை எரிச்சல் குடலுக்கான (ஐ.பி.எஸ்.) கவனிப்பு, கூடுதல் ஸ்டீராய்டு அல்ல.

ஆறாம் படி: அறிக்கை எழுதுவது

மத்திய அரசுப் பணியிலுள்ள டில்லித் தமிழர்களுக்கு இடமாற்றம் வாழ்க்கையின் ஒரு பகுதி. இங்கே பார்த்த குடலை அடுத்த ஆண்டு சென்னையிலோ மும்பையிலோ வேறொருவர் பார்ப்பார். ஆகவே அறிக்கையில் இவை இருக்கட்டும்: பாஸ்டன் என்ற சுத்த மதிப்பெண்ணில் குடலின் சுத்தம், எந்தக் கருவி, எந்த ஒளி, பகுதிவாரியான மதிப்பெண், அதன் வரையறை, மிக மோசமான இடம் ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், அதே இடத்தின் வெள்ளொளிப் படமும் சிறப்பு ஒளிப் படமும், பயாப்சி எடுத்த இடங்கள், அன்று எடுத்துக்கொண்டிருந்த மருந்துகள், இனிமா உட்பட. நோயாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அச்சிட்ட தாளோடு நின்றுவிடாமல், படங்களையும் காணொளியையும் பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறிகுறி தொடங்கி 8 ஆண்டுகள் ஆனதும், நோய் அடங்கிய காலத்தில் புற்றுநோய்க்கான கண்காணிப்புப் பரிசோதனை தொடங்கும்போது இந்தப் பழைய படங்களே பெரிதும் உதவும்.

ஜனக்புரியிலிருந்து சென்னைக்கு மாற்றலாகிப் போன ஒரு பெண்மணி அப்படியொரு பென்டிரைவைக் கொண்டுபோனார். 30 சென்டிமீட்டரில், குழாய்கள் வீங்கிய ஒரு சிறு திட்டை நான் படமெடுத்திருந்தேன். பத்து மாதம் கழித்து அங்குள்ள மருத்துவர் அதே தூரத்தில், அதே ஒளியில் எடுத்த படத்தை எனக்கு அனுப்பினார். திட்டு இருந்த இடத்தில் வெளிறிய ஒரு தழும்பு, அதைச் சுற்றி ஒழுங்கான தேன்கூடு வலை. இரு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான், மருந்தைக் குறைப்பது பற்றி நாங்கள் இருவரும் அவரோடு பேசத் தொடங்கினோம்.